எலுமிச்சைக்கு அம்மா யார், அப்பா யார்?

எலுமிச்சம்பழம் இல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள்? கோவிலுக்குப் புறப்பட்டாலும் எலுமிச்சை, பித்தம், தலைசுற்றல் என்றாலும் எலுமிச்சை, திடுதிப்பென்று விருந்தாளி வந்து நின்றால் சாதத்துக்கும் எலுமிச்சை! அது போதாதென்று ஊறுகாய் ஜாடியில் நார்த்தங்காய், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்குச் சாத்துக்குடி, பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைக்குக் கமலா ஆரஞ்சு. இவையெல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டாம். தோலை உரிக்கும்போது வருகிற வாசனையே சொல்லிவிடும்.

ஆனால் தினமும் தாளிக்கிற கறிவேப்பிலையும் இதே குடும்பம்தான் என்றால்? சிவனுக்குச் சாத்துகிற வில்வம், பிள்ளையாருக்குப் படைக்கிற விளாம்பழம், பிள்ளை பெற்ற வீட்டில் பாட்டிகள் தேடுகிற சதாப்பு இலை, ஆவுடையார்கோவிலின் தல விருட்சமான குருந்த மரம், எல்லாமே எலுமிச்சைக் குடும்பம்! உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் சுமார் 2,000 இனங்கள் இருக்கின்றனவாம். வேடிக்கை என்னவென்றால், குடும்பத்துக்குத் தாவர நூலார் வைத்த பெயர் எலுமிச்சையின் பெயர் அல்ல, சதாப்பின் பெயர். சதாப்புக்கு லத்தீனில் ‘ரூட்டா’. அதனால் குடும்பம் ‘ரூட்டேசி’.

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். இந்த விஷயமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் அண்ணன் பெண் தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். லீவுக்கு வந்தால் என் கொல்லைப்புறமே அவளுக்குக் கல்லூரி. “அத்தே, ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க” என்றாள். பார்த்தேன். இலை நெடுகிலும் ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள், வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறது! எலுமிச்சை இலையிலும் அதே புள்ளி, வில்வத்திலும் அதே புள்ளி. அந்தப் புள்ளிகள்தான் எண்ணெய்ப் பைகளாம். வாசனை அங்கேதான் குடியிருக்கிறது. நீங்களும் பிடித்துப் பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள்.

இன்னொரு சாட்சி கம்பளிப்புழு. எலுமிச்சைச் செடியில் காக்கை எச்சம் போல ஒரு புழு உட்கார்ந்து தளிரை மொட்டையடிக்குமே, தெரியுமல்லவா? பெரிதானதும் பச்சையாகிவிடும், தொட்டால் சிவப்புக் கொம்பை நீட்டும். கறிவேப்பிலையிலும் அதே புழுதான், வில்வத்திலும் அதேதான். பக்கத்திலேயே இருக்கிற செம்பருத்தியை அது திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டையிட வரும் பட்டாம்பூச்சி எந்தப் புத்தகத்தைப் படித்தது? இலையின் ரசத்தை வைத்தே சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்துவிடுகிறது!

ஆனால் மனிதர்களுக்கு அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

16-ஆ, 162-ஆ?

செடிகளுக்கு முறையாகப் பெயர் வைக்கத் தொடங்கிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் புத்தகம் எழுதியபோது, இந்தப் பழங்களை எல்லாம் இரண்டே இனத்தில் அடக்கிவிட்டார். பிறகு வந்தவர்கள் பிரித்தார்கள், பிரித்தார்கள், பிரித்துக்கொண்டே போனார்கள். அமெரிக்காவின் ஸ்விங்கிள் 1943-ல் 16 இனம் என்றார். ஜப்பானின் தனாக்கா 162 இனம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்! இரண்டு பேருமே ஆயுள் முழுக்க இந்த மரங்களோடு பழகியவர்கள். ஒரே பழங்களைப் பார்த்து ஒருவர் 16 என்கிறார், இன்னொருவர் அதைப் போலப் பத்து மடங்கு சொல்கிறார். கேட்பவர்களுக்குத் தலை சுற்றாதா?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பழங்களேதான். ஒன்று, இவை ஒன்றோடொன்று சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு வகையின் பூவில் விழுந்தால் போதும், புது வகை பிறந்துவிடும். இரண்டாவது காரணம் இன்னும் விசித்திரம். ஒரு எலுமிச்சை விதையை ஊன்றுங்கள். பல சமயம் ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று முளை கிளம்பும். அவற்றில் ஒன்று மட்டுமே அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் பிறந்ததாக இருக்கலாம். மற்றவை அம்மாவின் சதையிலிருந்தே உண்டானவை, அம்மாவின் அச்சு அசல். ஆகவே என்றோ ஒரு நாள் தற்செயலாகப் பிறந்த கலப்புப் பிள்ளைகூட, விதை போட்டால் அப்படியே தன்னைப் போலவே முளைத்துக்கொண்டு போகும். பார்ப்பவர் “இது தனி இனம்தான்” என்று எழுதிவைக்காமல் என்ன செய்வார்? தனாக்காவின் கணக்கு நீண்டது பெரும்பாலும் இப்படித்தான். பம்பளிமாஸுக்கு இந்த வித்தை கிடையாது. அதனால்தான் பம்பளிமாஸ் விதை போட்டு வளர்த்த மரம் தாய் மரத்தைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. நர்சரிக்காரர் ஒட்டுச்செடியோ பதியனோ வாங்கச் சொல்வது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை.

1976-ல் பாரெட், ரோட்ஸ் என்ற இருவர் மரம், இலை, பூ, பழம் என்று நூற்றுக்கும் மேற்பட்ட அடையாளங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நாம் சாப்பிடுகிற பழங்களுக்கெல்லாம் மூலம் மூன்றே மூன்றுதான் என்று சொன்னார்கள். பம்பளிமாஸ், கமலா ஆரஞ்சின் முன்னோர், சிட்ரான். இந்தச் சிட்ரானைத்தான் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் நார்த்தை, கடாரநார்த்தை, கிடாரங்காய் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். ஒரு வீட்டு நார்த்தை இன்னொரு வீட்டுக் கிடாரங்காய்! சண்டை வேண்டாமென்று இங்கே சிட்ரான் என்றே எழுதுகிறேன். தடித்த தோல், உள்ளே கொஞ்சமே சாறு, அதுதான் அடையாளம். மூன்றே மூலம் என்று அவர்கள் சொன்னது ஊகம்தான். நிரூபிக்க அப்போது வழியில்லை. வழி டி.என்.ஏ. வடிவத்தில் வந்தது.

பாட்டியின் சமையல் நோட்டு

டி.என்.ஏ. என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! எனக்கே புரிந்திருக்கிறது என்றால் உங்களுக்குப் புரியாதா?

பாட்டி ஒரு சமையல் நோட்டு வைத்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பெண்களும் கல்யாணமாகிப் போகும்போது கையால் பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். பெரிய பெண் ‘கால் ஸ்பூன் வெந்தயம்’ என்பதை ‘நாலு ஸ்பூன்’ என்று எழுதிவிட்டாள். அவளுடைய பெண்ணும் பேத்தியும் அதையே பார்த்து எழுதினார்கள். ஐம்பது வருஷம் கழித்து இருபது நோட்டுகளைக் கொண்டுவந்து உங்கள் முன் போட்டால், எந்த நோட்டில் ‘நாலு ஸ்பூன் வெந்தயம்’ இருக்கிறதோ அதெல்லாம் பெரிய பெண்ணின் வழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் அல்லவா? டி.என்.ஏ.யும் அப்படி ஒரு நோட்டுதான். ஒவ்வொரு உயிரின் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் நாலே எழுத்துகளில் எழுதி வைத்திருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை நகல் எடுக்கும்போது எப்போதாவது ஒரு எழுத்து பிசகும். அந்தப் பிசகுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்கிறார்கள். ஒரு கொழுந்து இலையே போதும். காயும் வேண்டாம், பூவும் வேண்டாம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய நோட்டில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வரும். ஆனால் இலையின் பச்சை இருக்கிற அறைகளுக்குள் தனியாக ஒரு குட்டி நோட்டு உண்டு. இந்தக் குடும்பத்தில் அது அம்மா வழியில் மட்டுமே வரும். அம்மாவின் அட்டிகை பெண்ணுக்குப் போவது போல! ஆகவே பெரிய நோட்டையும் குட்டி நோட்டையும் சேர்த்துப் பார்த்தால், பெற்றோர் யார் என்பது மட்டுமல்ல, அவர்களில் அம்மா யார், அப்பா யார் என்பதும் தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்ததில் வெளிவந்த கதைகளைக் கேளுங்கள். நம் எலுமிச்சை, அந்த உருண்டையான மெல்லிய தோல் எலுமிச்சை, தனி இனமே அல்ல! அதன் அம்மா பிலிப்பைன்ஸ் தீவுகளின் ‘பியாசோங்’ என்ற காட்டுக்காய். அப்பா சிட்ரான். இதை 2016-ல் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் விளக்கமாக எழுதினார்கள். வெளிநாட்டுப் படங்களில் பார்ப்போமே, முனையில் காம்பு போல் துருத்திக்கொண்டு மஞ்சளாக, அந்த லெமனுக்கு அம்மா கசப்பு ஆரஞ்சு, அப்பா மறுபடியும் சிட்ரான். அந்தக் கசப்பு ஆரஞ்சுக்கோ அம்மா பம்பளிமாஸ், அப்பா கமலா ஆரஞ்சு வகை. லெமனுக்கும் எலுமிச்சைக்கும் பிறந்ததுதான், கடைகளில் ‘விதையில்லா எலுமிச்சை’ என்று பெரிதாகக் கிடைக்கிறதே, அநேகமாக அது. சிட்ரானைப் பாருங்கள், எந்தக் கல்யாணத்திலும் அது மாப்பிள்ளையாகவே போகிறது, பெண்ணாக இருந்ததே இல்லை!

சாத்துக்குடி விஷயத்தில் ஒரு பெயர்க் குழப்பம் தீர்ந்தது. இங்கிலீஷில் அதை ‘ஸ்வீட் லைம்’ என்று எழுதி விற்கிறார்கள், இனிப்பு எலுமிச்சை என்று அர்த்தம். உண்மையில் அது ஆரஞ்சு வகை. ஆரஞ்சின் உடம்பில் பெரும்பகுதி கமலா வழி, மீதி பம்பளிமாஸ். அம்மா வழி மட்டும் பம்பளிமாஸ். இந்த ஆரஞ்சும் பம்பளிமாஸும் 18-ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் தற்செயலாக ஒன்று சேர்ந்து பிறந்தது கிரேப்ஃப்ரூட். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

2018-ல் அமெரிக்கா, ஸ்பெயின் முதலிய நாட்டு விஞ்ஞானிகள் 60 வகைகளின் முழு நோட்டையும் படித்து, காட்டில் தானாக உண்டான அசல் இனங்கள் பத்து என்று எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் பூர்வீகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம். அசாமின் கிழக்கு, பர்மாவின் வடக்கு, சீனாவின் யுனான் ஆகியவை சேரும் இடம். சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே தொடங்கின வம்சமாம். இன்றைக்கும் மேகாலயாவின் காரோ மலையில் நோக்ரெக் என்ற இடத்தில் காட்டு ஆரஞ்சைக் காப்பாற்றுவதற்காகவே காட்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்குள்ளவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘மேமாங் நாரங்’, பேய் ஆரஞ்சு! அந்த ‘நாரங்’ நம் நாரத்தையின் சொந்தக்காரச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும். சமஸ்கிருதத்தின் நாரங்கம், பாரசீக நாரங், கடைசியில் இங்கிலீஷ் ஆரஞ்சு, எல்லாவற்றுக்கும் வேர் திராவிட மொழியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

தரங்கம்பாடியிலிருந்து ஒரு பெயர்

கறிவேப்பிலைக்கு வருவோம். அதன் தாவரப் பெயரில் நம் தரங்கம்பாடி ஒளிந்திருக்கிறது. 1768-ல் டேனிஷ்காரர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு வைத்தியராக வந்தவர் கோனிக், லின்னேயஸின் மாணவர். நம் ஊர்ச் செடிகளையெல்லாம் ஆசை ஆசையாகச் சேகரித்து ஆசிரியருக்கு அனுப்பினார். 1771-ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு ‘பெர்கெரா கோனிகி’ என்று அந்த மாணவரின் பெயரையே வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஸ்ப்ரெங்கல், “இது அந்தப் பக்கத்து வீட்டுச் செடிதான்” என்று முர்ரயா என்ற பிரிவில் சேர்த்துவிட்டார். முர்ரயா யார் தெரியுமா? நர்சரியில் காமினி என்று விற்பார்களே, மல்லிகை போல மணக்கும் வெள்ளைப் பூச்செடி, அது. அன்றிலிருந்து கறிவேப்பிலை ‘முர்ரயா கோனிகி’. என் அண்ணன் பெண்ணின் பள்ளிப் பாடத்தில்கூட அப்படித்தான் இருந்தது.

டி.என்.ஏ. பார்த்ததும் கதை மாறிற்று. 2009-ல் ராண்டல் பேயர் என்பவரும் அவருடைய குழுவினரும், அந்தக் குட்டி நோட்டின் ஒன்பது பகுதிகளை ஒப்பிட்டு எழுதினார்கள். காமினி எலுமிச்சையின் பக்கத்தில் போய் உட்காருகிறது, கறிவேப்பிலை வேறு கிளை! இரண்டையும் ஒரே பிரிவில் வைப்பது சரியல்ல. ஆகவே இப்போது கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் வைத்த பழைய பெயரே திரும்பி வந்திருக்கிறது. “சித்தப்பா வீட்டுக்குத் தத்துப் போன பிள்ளை திரும்ப வந்துட்டான்” என்றேன். “கரெக்ட் அத்தே!” என்று சிரித்தாள்.

வில்வமும் விளாவும் இன்னொரு ஜோடி. இரண்டுக்கும் மரக்கட்டை போல ஓடு. உடைக்கச் சுத்தியல் வேண்டும். ஓட்டைப் பார்த்து ஸ்விங்கிள் இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்தார். டி.என்.ஏ. அவற்றைப் பிரித்துவிட்டது. ஓடு ஒன்று போல் இருப்பதால் உடன்பிறப்பு ஆகிவிடாது. மாறாக, காய்ந்து வெடிக்கிற சின்னஞ்சிறு காய் காய்க்கும் சதாப்பை எலுமிச்சைக்கு வெகு தூரத்தில் வைத்திருந்தார்கள், சாறுள்ள பழம் இல்லையே என்று. அது எலுமிச்சைக் கிளைக்கு மிக நெருக்கம் என்று தெரிந்தது. அப்புறம், கறிவேப்பிலையின் பெயரில் வேம்பு இருக்கிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டேன். வேம்பு வேறு குடும்பம், ஆனால் அடுத்த வீடு! எலுமிச்சை விதையைக் கடித்தால் வரும் கசப்பும் வேப்பெண்ணெயின் கசப்பும் ஒரே வகைப் பொருள்களால் வருவதாம். சாத்துக்குடிச் சாறு பிழிந்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தால் குழந்தை முகத்தைச் சுளிக்குமே, அதுவும் அந்தக் கசப்புதான். பிழிந்தவுடன் கொடுத்துவிட வேண்டும். விதையை மிக்ஸியில் சேர்த்து அடிக்கவே கூடாது.

தெரிந்து என்ன லாபம்?

“யார் யாருக்கு அப்பாவாக இருந்தால் எனக்கென்ன, ஊறுகாய் ருசியாக இருந்தால் சரி” என்று நினைக்கிறீர்களா? நானும் அவளிடம் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டேன். அவள் சொன்ன பதில்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

வெளிநாட்டில் பெண்ணோ பிள்ளையோ இருக்கிறவர்கள், கறிவேப்பிலையைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிற பழக்கம் உண்டு. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகத் தடை. விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். அதிகாரிகளின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். எள்ளளவு பூச்சி ஒன்று, எலுமிச்சைக் குடும்பத்துத் தளிர்களில் வாழ்வது, கறிவேப்பிலையிலும் வாழும். அதுதான் ஆரஞ்சு மரங்களுக்குப் பச்சை நோய் என்ற கொள்ளை நோயைப் பரப்புகிறது. அந்த நோய் ஃப்ளோரிடாவில் 2005-ல் தென்பட்டது. நோயும் பிறகு வந்த புயல்களுமாகச் சேர்ந்து அங்கே ஆரஞ்சு விளைச்சல் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கறிவேப்பிலைக்கு ஆரஞ்சு சொந்தம் என்பது அவர்களுக்குச் சோற்றுப் பிரச்னை! பெண்ணுக்கு வேண்டுமானால் விதிகளைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், ஒளித்து அனுப்பாதீர்கள்.

அடுத்தது நம் சாப்பாட்டுத் தட்டுக்கே வருகிறது. கிரேப்ஃப்ரூட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? 1989-ல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும், ரத்தக்கொதிப்புக்கான ஃபெலோடிபின் மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பரிசோதித்தார்கள். மதுவின் ருசி தெரியாமலிருக்கக் கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. காரணம் மது அல்ல, பழச்சாறு! நம் குடலின் சுவரில் சில மருந்துகளைச் சிதைத்துக் குறைத்து அனுப்புகிற ஒரு பொருள் இருக்கிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபுரானோகூமரின் என்ற ரசாயனம் அதை முடக்கிவிடுகிறது. காவல்காரன் தூங்கினால் என்ன ஆகும்? ஒரு மாத்திரை சாப்பிட்டவர் உடம்பில் இரண்டு மூன்று மாத்திரையின் வேலை நடக்கும்.

“நம்ம வீட்ல யாரு கிரேப்ஃப்ரூட் சாப்பிடறா?” என்றேன்.

“அத்தே, கிரேப்ஃப்ரூட்டோட அம்மா யாருன்னு இப்பத்தானே சொன்னேன்?”

பம்பளிமாஸ்! அந்த ரசாயனம் கிரேப்ஃப்ரூட்டுக்கு வந்தது பம்பளிமாஸ் வழியாகத்தான். பம்பளிமாஸ், சிட்ரான் ஆகிய வம்சங்களில் அதைத் தயாரிக்கும் திறன் இருக்கிறது, கமலா ஆரஞ்சு வம்சத்தில் அநேகமாக இல்லை. அதனால்தான் டாக்டர்களின் எச்சரிக்கையில் கிரேப்ஃப்ரூட்டோடு பம்பளிமாஸும் கசப்பு ஆரஞ்சும் வருகின்றன. கமலாவும் சாத்துக்குடியும் பொதுவாக அந்தப் பட்டியலில் வருவதில்லை. எந்தப் பழம் எந்தப் பக்கம் என்பதை நாக்கால் சொல்ல முடியாது. பார்த்தீர்களா, வம்சாவளி தெரிந்தால் பட்டியலின் காரணமும் புரிகிறது!

நம் வீடுகளில் மாமனார், மாமியார் சீஸனில் பம்பளிமாஸ் சுளையை உப்பு மிளகாய்த்தூள் தொட்டு ஒரு கிண்ணம் சாப்பிடுவது சகஜம். அவர்களே கொழுப்புக்குச் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் போன்ற மாத்திரையோ, ரத்தக்கொதிப்புக்குச் சில மாத்திரைகளோ, உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு தரும் மருந்தோ சாப்பிடுகிறவர்களாக இருக்கலாம். எல்லா மாத்திரைக்கும் இந்தத் தகராறு கிடையாது. ஆகவே நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்! மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ “இதோடு பம்பளிமாஸ் சாப்பிடலாமா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘சிட்ரஸ்’ என்று மொத்தமாகக் கேட்டால் பதிலும் மொத்தமாகத்தான் வரும். காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டால் போதாதா என்றால், போதாது. முடங்கிய பொருள் மறுபடி உண்டாக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும்.

இதே ரசாயனக் குடும்பம் தோலிலும் விளையாடும். எலுமிச்சை, நார்த்தைத் தோலின் எண்ணெயோ சாறோ கையில் பட்டு, அதன் மேல் நல்ல வெயிலும் பட்டால் சிலருக்குத் தீப்பட்ட மாதிரி சிவந்து கொப்புளிக்கும். ஆறின பிறகும் கருந்திட்டு வாரக்கணக்கில் போகாது. ஊறுகாய்க்கு நறுக்கிய கையோடு மொட்டை மாடிக்குப் போய் வற்றல் புரட்டும் நமக்குத்தான் இது அதிகம் வரக்கூடியது. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வெயிலில் போங்கள். வெயிலில் விளையாடுகிற குழந்தையின் கையில் பிழிந்த மூடியைக் கொடுக்காதீர்கள். குழந்தையின் முகத்தில், கழுத்தில் விரல் விரலாகத் திட்டு வந்தால் யாராவது அடித்தார்களோ என்று பதறுவதற்கு முன், எலுமிச்சையைத் தொட்ட கை பட்டதா என்று யோசியுங்கள். டாக்டரிடமும் அதைச் சொல்லுங்கள்.

சதாப்பிலும் இந்த ரசாயனம் உண்டு, எலுமிச்சையைவிடக் கடுமையாகவே உண்டு. செடியை வெறுங்கையால் கசக்கிவிட்டு வெயிலில் நின்றவர்களுக்குக் கை முழுக்கக் கொப்புளம் வந்திருக்கிறது. கர்ப்பிணிகள் அதை உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது, கருவுக்கு ஆபத்து. கைக்குழந்தைக்குச் சதாப்புச் சாற்றை உரைமருந்தோடு உள்ளுக்குப் புகட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. பெரியவர்கள் மனம் கோணாமல், “டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுக்கலாம் அத்தை” என்று சொல்லித் தள்ளிப் போடுங்கள். செடி தொட்டியில் இருந்துவிட்டுப் போகட்டும், பட்டாம்பூச்சி அதைத் தேடியும் வரும்.